கறிவேப்பிலை வேண்டாம் என்ற டிரைவர்

ரன்னிங் ரூம் சமையலறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சாம்பார் வைக்கக் கற்றுத்தரும் எண்ணம் எனக்கு இல்லை. நீங்களெல்லாம் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பிரியாணி பண்ணுகிறவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிம்மதி கொடுத்தவள். ஆனால் விழுப்புரத்தில் இதே அடுப்புகளுக்கு முன்னால் இருபத்தாறு வருஷம் நின்றிருக்கிறேன். அதில் நான் செய்த தப்புகளை மட்டும் சேர்த்தாலே ஒரு அண்டா நிறையும். அந்த அண்டாவிலிருந்து ஒரே ஒரு கரண்டி ஊற்றுகிறேன். சூடாக இருக்கும், பார்த்துக் குடியுங்கள்.

ரயில் ஓட்டுகிறவர்கள் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அடுத்த வண்டியை எடுக்கும்வரை குளித்து, சாப்பிட்டு, கண்ணயர்கிற இடம் இது. அது உங்களுக்கே தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. சமைப்பது நம் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, எச்சில் தட்டைப் பார்ப்பது. எவர் சோற்றைத் தொடாமல் எழுந்தார், எவர் மூன்று தரம் ரசம் கேட்டார், எவர் அப்பளத்தை நொறுக்கி விளையாடிவிட்டுப் போனார் என்று பாருங்கள். வீட்டில் சண்டையா, வயிற்றில் கோளாறா எல்லாம் தட்டிலேயே இருக்கும். பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு, தட்டை மட்டும் கடகடவென்று படிக்க வரும் என்று பெருமை. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஆரோக்கியம் என்று ஒரு டிரைவர். இப்போது லோகோ பைலட் என்று சொல்ல வேண்டுமாம். நான் டிரைவர் என்றே சொல்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தக் கதையைச் சொல்லவும் அவரிடம் கேட்டுவிட்டேன். "என்னை கொஞ்சம் அழகா சொல்லுங்க" என்றார். அது கதைக்குள் அடங்காது என்று சொல்லிவிட்டேன். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம், மாதா கோயில் தெருக்காரர். நாற்பது வயது, பாசஞ்சர் வண்டி. அவரோடு இன்ஜினில் போகிற அசிஸ்டென்ட் செல்வம். வாய் ஓயாத ஆள்.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் ரொம்பத் தாமதமாக வந்தார்கள். செல்வத்தின் சட்டைப் பொத்தானில் ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு மாட்டியிருந்தது.

"இன்னாடா இது, வண்டிய நிறுத்திட்டு மார்க்கெட்டுக்குப் போனீங்களா?" என்றேன்.

"கதையக் கேளுக்கா. திண்டிவனம் தாண்டி மயிலத்துக்கு முன்னால ஒரு கேட்டு. மூடித்தான் இருக்குது. ஒரு ஆளு பைக்ல மலையாட்டம் கருவேப்பிலை கட்டிக்கினு, கேட்டுக்கு அடியில குனிஞ்சு பூந்துட்டாரு. நடுத் தண்டவாளத்துல பைக்கு நின்னுபோச்சு."

"அய்யய்யோ, அப்புறம்?"

"அண்ணன் பிரேக்கப் போட்டாரு, ஹாரன அடிச்சாரு. ரயிலு இன்னா சைக்கிளா, ஒடனே நிக்கறதுக்கு? அந்தாளு ஒதைக்கறாரு, ஒதைக்கறாரு, கெளம்பல. கடைசியில பைக்க வுட்டுட்டு ஓடிப்போய் மல்லாட்டை கொல்லையில வுழுந்தாரு. பைக்கு சட்னி. எங்க கண்ணாடி பூரா கருவேப்பிலை. இன்ஜின் உள்ள அடிச்ச வாசனையில உன் சமையக்கட்டு தோத்துச்சு போ."

"ஆளுக்கு?"

"ஒரு கீறல் இல்லக்கா. மண்ணத் தட்டிக்கினு எழுந்து வந்து, 'இன்னா சார், கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா'ன்னு எங்களையே கேக்கறாரு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "எனக்கு ரெண்டு கட்டு அள்ளிக்கினு வரத் தெரியல, நீயெல்லாம் ஒரு டிரைவரு" என்று ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய்க் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய்க் கழுவினார். கிரீஸ் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கிற ஆளுக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறவள் நான். எனக்கு வேறு என்ன தெரியும்.

அதற்குப் பிறகு அவர் தட்டு மாறிப்போனது. சாம்பாரைத் தள்ளிவைப்பார். பொரியலைத் தொடமாட்டார். வெறும் சோறு, வெறும் மோர். தாளித்த மோரைக் கொடுத்தால் வேண்டாம் என்பார். தோளில் கை வைத்தால் தூக்கிவாரிப் போடும். பேச்சும் குறைந்துபோனது.

அவரவர்க்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார்கள். பயந்த கோளாறு, அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போ என்றார் ஒருவர். கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் தாயத்து வாங்கி வந்தார். ஆரோக்கியத்தின் அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தார். ஆரோக்கியம் யாரிடமும் மறுக்கவில்லை. மெழுகுவர்த்தி கோயிலிலே, தாயத்து சட்டைக்குள்ளே, விபூதி பர்ஸிலே.

நம் சமையலறையில் கண்டுபிடித்தது வேறு. ஹாரன் அடித்த ஆள், சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினோம். குக்கரை மூட்டை கட்டி மேலே போட்டோம். அவர் வருகிற நாளெல்லாம் முப்பது பேருக்குச் சோற்றைப் பானையில் வடித்தேன். பாத்திரம் தேய்க்கிறவள் டம்ளருக்குக் கீழே துணி விரித்தாள். எல்லோரும் திருட வந்தவர்கள் மாதிரி நடந்தோம்.

பத்து நாள் பார்த்துவிட்டு ஆரோக்கியமே கேட்டார். "ஏன்க்கா, யாராவது செத்துட்டாங்களா இங்க?"

"உனக்காகத்தான் தம்பி. சத்தம் ஆவலன்னு."

"நாள் பூரா இன்ஜின்ல குந்தினு இருக்கறேன். எனக்கு குக்கர் விசிலு இன்னா பண்ணப் போவுது?"

சத்தம் இல்லையென்றால் என்ன? என் சமையல்தான் பிடிக்கவில்லை. அப்படித்தான் என் புத்தி போனது. தட்டை உற்றுப் பார்த்தேன். கறிவேப்பிலையை ஒன்று விடாமல் பொறுக்கி, தட்டுக்கு வெளியே போட்டு, மேலே ஒரு காகிதத்தையும் மூடியிருந்தார். ஓகோ, இலையைப் பொறுக்குகிற ரகமா என்று சந்தோஷமாகிவிட்டது. அந்த ரகத்துக்கு என்னிடம் மருந்து உண்டு. என் பேரன்களுக்குச் செய்கிறதுதான். இலையை வறுத்து, மாவாகப் பொடித்து, ரசத்தில் கலந்துவிட்டால் எதைப் பொறுக்குவான்?

செய்தேன். கண்ணுக்குத் தெரியாத பொடி. பிள்ளையை ஏமாற்றிச் சாப்பிட வைக்கிற சாமர்த்தியத்தை, ரயில் ஓட்டப்போகிற ஒரு மனிதரிடம் காட்டினேன்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு அவருக்கு வண்டி. பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்தை ஊற்றினேன். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் இல்லை. வேர்வை கழுத்தில் வழிகிறது. இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்து, முன்னாலே தள்ளுகிறார், தள்ளுகிறார். எதிரே இருந்தது வெறும் சுவர். அவர் பார்த்தது சுவரை இல்லை.

"பிரேக்கு புடிக்கறாருக்கா" என்றான் செல்வம். அன்றைக்குத்தான் அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ரசத்தை எடுத்துக்கொண்டு போய்ப் புழக்கடையில் கொட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். ஈரத் துணியை அவர் கையில் வைத்தேன். தொடுவதற்கு முன்னால், "தம்பி, அக்காடா, கைய தொடறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டேன். பக்கத்தில் பச்சை மல்லாட்டை, மற்ற ஊரில் வேர்க்கடலை என்பார்களே அது, ஒரு முறம் இருந்தது. ஒரு பிடி அள்ளி அவர் முன்னால் போட்டேன்.

"இத உரி. சாயங்காலம் அவிக்கணும், எனக்கு ஆளு இல்ல."

பார்த்தார். ஒன்றை எடுத்தார். தோல் உடைபடவில்லை. மறுபடி அழுத்தினார், உடைந்தது. பத்துப் பதினைந்து உரித்த பிறகு மூச்சு கீழே இறங்கியது. கண் என் மேல் வந்து நின்றது.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லாம எப்பிடி? ரெண்டு மணிக்கு வண்டி."

"நான் எடுத்துடுவேன். மெடிக்கல்ல போட்டாங்கன்னா இன்ஜின வுட்டு எறக்கிடுவாங்க. அப்பால ஒரு மூலையில குந்த வெச்சி ஃபைலு தூக்க வெப்பாங்க. எனக்கு ஓட்றதத் தவிர ஒண்ணும் தெரியாதுக்கா."

அது பொய்யில்லை. சின்ன வயதில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று ரயிலுக்குக் கை காட்டியே வளர்ந்தவர். இன்னொரு பக்கம், அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள். திண்டிவனத்துக்குப் பூக்கூடை கொண்டுபோகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், மருமகளைப் பார்க்கப் போகிற கிழவிகள். வண்டி போவது அதே கேட் வழியாக. அந்த நேரத்தில் அவர் கை சுவரைத் தள்ளினால்?

செல்வத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தால் மறைத்திருப்பேனோ என்னவோ, சத்தியமாகத் தெரியாது. சுவரில் இருந்த போனை எடுத்தேன்.

"உன் முதுகுக்குப் பின்னால சொல்ல மாட்டேன் தம்பி. உன் எதிர்லயே சொல்றேன். கேட்டுக்கோ." வண்டிக்கு ஆள் போடுகிற கன்ட்ரோல் ஆபீஸில் எடுத்தார்கள். "ரன்னிங் ரூம் சமையக்காரி பேசறேன். ரெண்டு மணி வண்டி டிரைவருக்கு ஒடம்பு முடியல. வேற ஆளப் போடுங்க."

"என்ன ஒடம்புக்கு?"

"அத டாக்டர் சொல்லணும். என்ன கேட்டா ரசத்துல உப்பு சரியான்னுதான் சொல்வேன்."

ஆரோக்கியம் எழுந்தார். "இனிமே உங்க கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தி லேசாகியிருப்பேன். உரித்த மல்லாட்டையை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து, ஆரோக்கியத்தைப் பார்த்த ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மகள் வயதுகூட இருக்காது அந்த அம்மாவுக்கு. பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ரசத்துல புதுசா என்ன போட்டீங்க?"

முப்பது பேர் சாப்பிட்ட ரசத்தில் யாரும் கேட்காத கேள்வி. பொடி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

"நீங்கதான்மா கண்டுபிடிச்சிருக்கீங்க. இலையை ஒதுக்கறாரே தவிர, அந்த வாசனைதான் தன்னை இப்படிப் பண்ணுதுன்னு அவருக்கே தெரியல" என்றார்.

"கண்டுபிடிக்கல டாக்டரம்மா. கவுத்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன், எனக்குப் புரிந்த அளவுக்கு.

"மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் சின்னதா ஒண்ணு இருக்கும்மா, பாதாம் பருப்பு மாதிரி. ஆபத்துன்னா முதல்ல கத்துறது அதுதான்."

"மல்லாட்டைன்னு வெச்சிக்கலாமா? பாதாமெல்லாம் நாங்க கல்யாணத்துலதான் பாக்கறது."

"வெச்சிக்குங்க. நெத்திக்குப் பின்னால இருக்கற பகுதி யோசிச்சுப் பார்த்து, 'ஒண்ணுமில்ல, சும்மா இரு'ன்னு அதை அடக்கும். பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் சிலருக்கு அந்த மல்லாட்டை ரொம்ப உஷாராயிடும். அடக்கறவர் பேச்சு எடுபடாது."

"ஒருத்தன் அபாயச் சங்கிலியப் புடிச்சிக்கினு தொங்கறான். கார்டு வந்து எவ்ளோ சொன்னாலும் வுட மாட்டேங்கறான்."

"அதேதான். இன்னொண்ணு, சாதாரண ஞாபகத்துக்கு மூளை இது எந்த நாள், எந்த இடம்னு ஒரு சீட்டு ஒட்டி வைக்கும். பயத்துல பதிஞ்சது சில நேரம் சீட்டு இல்லாம துண்டு துண்டா கெடக்கும். திரும்ப வரும்போது, முடிஞ்சுபோன விஷயமா தெரியாது. இப்பவே நடக்கற மாதிரி இருக்கும்."

"சத்தம் ஒண்ணும் பண்ணலன்னாரே, டாக்டரம்மா. வாசனை மட்டும் எப்பிடி?"

"கண்ணுல பாக்கறது, காதுல கேக்கறது எல்லாம் நடுவுல ஒரு இடத்துல நின்னுதான் போகும். வாசனை அங்க நிக்காது. நேரா அந்த மல்லாட்டைக்குப் பக்கத்துலயே போய் இறங்கிடும்."

நான் கறிவேப்பிலையை எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. அந்தக் கறிவேப்பிலைக்காரர் வேறு பைக் வாங்கி, மறுவாரமே திண்டிவனத்தில் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். டீக்கடை டீக்கடையாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டும் இருந்தார். சாகப் பார்த்தவருக்கு ஒன்றுமில்லை, இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவர் ஓடினார், அவர் காலுக்கு வேலை இருந்துச்சு. இவர் பிரேக் போட்டாச்சு, ஹாரன் அடிச்சாச்சு. அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாம, ஒரு மனுஷனை நெருங்கி நெருங்கிப் போறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். அது ரொம்ப ஆழமா இறங்கும்."

பெண்களே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் 'யாருக்கும் ஒண்ணும் ஆகலையே' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனது ஒருவருக்குத்தான், அவர் எங்கள் பந்தியிலேயே உட்கார்ந்து மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்தார். நான் வேறு இரண்டு கட்டு கேட்டேன். கிண்டல் பண்ணாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே முடியாததை உங்களிடம் எப்படிச் சொல்வது. கிண்டல் பண்ணிவிட்டு, சிரித்தவர் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் பாருங்கள். கையை இரண்டு தரம் கழுவினால் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஆறு வாரம் ஆரோக்கியம் இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"டாக்டர் அனுப்பினாங்க. அந்த வாசனைய கொஞ்சம் கொஞ்சமா பழக்கிக்கணுமாம். வாராவாரம் போய்ப் பேசிக்கினு இருக்கறேன், அது ஒரு பக்கம். இப்பிடி பழகறப்ப பக்கத்துல நல்லாத் தெரிஞ்ச ஆளு இருக்கணுமாம்."

"நல்லாத் தெரிஞ்ச ஆளுன்னா?"

"வேற யாரு, போட்டுக் குடுத்தவங்கதான்."

முதல் நாள் ஒரே ஒரு ஈர்க்கை அந்தக் கோடி ஜன்னலில் வைத்தேன். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பயம் பத்துக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும், அது டாக்டர் சொல்லித்தந்த கணக்கு. "எட்டு" என்றார். அது ஐந்தாக இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, எழுந்து போனார். நான் என் நாத்தனார் கல்யாணத்தில் பந்தல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஜன்னலிலிருந்து மேஜைக்கு வந்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே. ஐந்தாம் நாள், ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று அவர் இருக்கும்போதே எண்ணெயில் ஒரு பிடி போட்டேன். எழுந்தவர் பிளாட்பாரம் வரை போய்விட்டார்.

டாக்டர் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிரேக் அவர் கையிலதான் இருக்கணும்மா. அன்னைக்கு அவர் கையில எதுவுமே இல்லாமப் போனதுதான் பிரச்சனையே. எப்ப, எவ்வளவுன்னு அவர் சொல்லட்டும். நீங்க கூட இருங்க, போதும்."

கூட இருப்பது சமைப்பதைவிடக் கஷ்டம். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து பாருங்கள், தெரியும். அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. இரண்டு வாரம் போனது. ஒரு நாள் அவரே எழுந்து வந்தார். வாணலியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு போட்டார். ஈர்க்கிலிருந்து இலையை உருவி, கண்ணை மூடிக்கொண்டு போட்டார். படபடவென்று வெடித்தது. அடுப்பு மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனால் தள்ளவில்லை.

"பத்துக்கு எவ்ளோ தம்பி?"

"ஆறு. அதுல ஒண்ணு எண்ணெ தெறிச்சதுக்கு."

மெடிக்கல் முடிந்தது. இன்ஜினை விட்டு இறக்கவில்லை. ஆனால் லோகோ இன்ஸ்பெக்டர் ஒருவர் இன்ஜினில் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேட் வழியாக அவர் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தனியாகக் கொடுப்பார் என்றார்கள். அந்தக் காலையில் நான் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்பு போட்டேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தார். பின்னால் செல்வம். சாப்பிட உட்கார்ந்தார், நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"கேட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. நெஞ்சு அடிச்சுது. கை ஈரமாயிடுச்சு. இது அந்த நாள் இல்ல, இது இன்னைக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கினு ஹாரன அடிச்சேன். பயத்துல கொஞ்சம் ஜாஸ்தியா அடிச்சுட்டேன் போல. கேட்டாண்ட ஆடு ஓட்டிக்கினு நின்ன ஒரு அம்மா, கைய நீட்டித் திட்டுச்சு பாருங்க. ஒரு வார்த்த காதுல வுழல. ஆனா வாயப் பாத்தாலே தெரியுது, எங்க தாத்தா வரைக்கும் போயிடுச்சு."

"இன்ஸ்பெக்டரு?"

"அவரையும் சேர்த்துத்தான் திட்டுச்சு" என்றான் செல்வம். "சிரிச்சிக்கினே கையெழுத்துப் போட்டாரு."

"பயம் போயிடுச்சா தம்பி?"

"இல்லக்கா. இருந்துச்சு. அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு ஓட்டினேன்." மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். "ஆறு மணிக்குத் திரும்ப வண்டி. நாலு மணிக்கு எழுப்பச் சொல்லுங்க."

நான் பாத்திரங்களை ஒழித்துப் போட்டேன். கால் மணி நேரம் போயிருக்கும். செல்வம் ஓடிவந்து, பேசாமல் வா என்று கையைக் காட்டினான். அவர் அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே மின்விசிறியை மீறிக் குறட்டை கேட்டது.

"அந்த நாளுக்கு அப்புறம் அண்ணன் இந்த ரூம்ல கண்ண மூடி நான் பாத்ததே இல்லக்கா" என்றான்.

வேலை தலைக்கு மேல் கிடந்தது. இரண்டு பேரும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.